அன்றைய மீன்பாடு

கட்டுமாவடியில் தொடங்கித் தனுஷ்கோடி வரை, கடலை ஒட்டிச் செல்லும் சாலையோரத்து மீன் கடைகள் பலவற்றுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நான்கு பனங்கம்பு, மேலே கீற்றோ தகரமோ, முன்னால் ஒரு மேசை. மேசைமேல் ஒரு தட்டு, அதில் மசாலா தடவி அடுக்கிய மீன். பின்னால் அடுப்பும் தோசைக்கல்லும். அந்தத் தட்டுதான் பெயர்ப்பலகை, விலைப்பட்டியலும் அதுதான். வருகிறவர் தட்டைப் பார்ப்பார், வேண்டிய மீனைக் காட்டுவார், விலை கேட்பார். அவர் சரியென்று தலையசைத்த பிறகே மீன் கல்லுக்குப் போகும். அன்று கடல் என்ன கொடுத்ததோ அதுவே அன்றைய சாப்பாடு. தட்டில் ஒரு மீன் இருப்பதற்கும் இன்னொன்று இல்லாமல் போவதற்கும் காற்று, கடலின் ஆழம், படகின் வகை, அரசாணை, ஏற்றுமதிச் சந்தை எனப் பல காரணங்கள் உண்டு.

கடலோர ஊர்க்காரர் மீனை வாங்கி வீட்டில் சமைத்துக்கொள்வார். கடையில் உட்காருகிறவர் பெரும்பாலும் உள்நாட்டுக்காரர். செட்டிநாட்டுக் கீழச்சிவல்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் காலையில் வண்டி ஏறினால், காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை வழியாக ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தொண்டிக் கடலைப் பார்த்துவிடலாம். அறந்தாங்கிப் பக்கம் திரும்பினால் கட்டுமாவடியோ மீமிசலோ வரும். எட்டிவிடும் தூரம்தான். ஆனாலும் அது ஒரு மீன் உலகத்தை விட்டு இன்னொன்றுக்குள் போகிற தூரம்.

கீழச்சிவல்பட்டியைச் சுற்றியுள்ள நாட்டுக்குச் சொந்த மீன் கண்மாய் மீன். வானம் பார்த்த பூமியான இந்தப் பகுதியில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துணியை வீசியதும், கரையில் காத்திருந்த கூட்டம் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சேற்றுக்குள் இறங்கும். விரால், கெண்டை, கெளுத்தி, குறவை, ஜிலேபி என்று கிடைத்ததைச் சாக்கிலும் பாத்திரத்திலும் அள்ளிக்கொண்டு போவார்கள். அன்று ஊரெல்லாம் மீன்குழம்பு மணக்கும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்து இறங்குகிறவர்களையும் விலக்காத விழா அது. மீதி நாட்களில் கடல் இந்த ஊர்களுக்கு வருவது இரண்டு வழியில்: சந்தைக் கருவாடாக, அல்லது மொபெட்டின் பின்னால் கட்டிய பெட்டியில் ஐஸுக்கடியில். ஆரன் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வருகிற பெண்கள், செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் பேரம் தொடங்குவார்கள். கடலை விட்டுத் தள்ளியிருப்பவர்களுக்கு மீனைச் சந்தேகப்படத் தெரியும். அது அவர்களுக்குத் தேவையான அறிவு.

கடலில்லாத இந்த நாட்டின் சமையல் கடலுணவுக்குப் பேர் போனது என்பது யோசிக்க வேண்டிய செய்தி. நண்டுக் குழம்பு, இறால் தொக்கு, சுறாப்புட்டு, மீன்குழம்பு ஆகிய நான்கும் இல்லாமல் செட்டிநாட்டு அசைவ உணவகம் எதுவும் நடக்காது. செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் தம் பூர்வீகமாகச் சொல்வது காவிரிப்பூம்பட்டினத்தை. அங்கிருந்து பாண்டிய நாட்டின் இந்த வறண்ட பகுதிக்கு வந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் மரபு. கீழச்சிவல்பட்டிக்கு அருகிலுள்ள இளையாத்தங்குடி அவர்களுடைய ஒன்பது கோயில்களில் ஒன்று. பிறகு வணிகத்துக்காகப் பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று மறுபடி கடல் தாண்டினார்கள். துறைமுகமும் கப்பலும் அவர்கள் வாழ்க்கையிலிருந்து விலகவே இல்லை, வீடுதான் கரையை விட்டுத் தள்ளி இருந்தது. சமையலிலும் அந்த இரட்டை நிலை தெரிகிறது.

உள்நாட்டு மீன்குழம்பில் புளி கெட்டியாக இருக்கும். சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாகக் கிடக்கும். சோம்பு, மிளகு, தேங்காய் அரைத்த விழுது கூடும். மேலே எண்ணெய் மிதக்கும். பயணம் செய்து வந்த மீனுக்காக உருவான குழம்பு இது. புளியும் உப்பும் குழம்பை மறுநாள் வரை தாங்கவைக்கும், சுவையும் மறுநாள்தான் மீனுக்குள் இறங்கும். கரையை நெருங்க நெருங்க இந்தச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. தனுஷ்கோடிக் குடிசையில் மீனுக்குப் போடுவது மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் இஞ்சி பூண்டு, எலுமிச்சை அல்லது புளித்தண்ணீர். அதற்கு மேல் ஏதாவது சேர்த்தால் மீன் மறைந்துவிடும். மிளகாய்க்கு மட்டும் அங்கே குறைவில்லை. புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் விளைகிற மாவட்டம் அது. செட்டிநாட்டுக் குழம்பைக் கடற்கரையில் தேடுகிறவரும், கடற்கரை வறுவலை நெடுஞ்சாலை மெஸ்ஸில் தேடுகிறவரும் ஏமாந்துதான் போவார்கள். இரண்டும் வெவ்வேறு தூரத்துக்கு உரிய சமையல்.

சாலையில் முதலில் வருவது கட்டுமாவடி. புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகிழக்கு மூலையிலுள்ள இந்த ஊரின் மீன் சந்தைக்கு உள்மாவட்டங்களிலிருந்து வியாபாரிகள் வண்டியோடு வந்து காத்திருப்பார்கள். ஏலம் கேட்கத் தெரியாதவர் அங்கே வாயைத் திறக்காமல் நின்று பார்த்தாலே போதும், மீனின் விலை எப்படி நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது என்பது புரியும். தெற்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். கடைசி இரண்டும் விசைப்படகுத் தளங்கள். மீமிசல் தாண்டினால் ராமநாதபுரம் மாவட்டம். பழைய துறைமுகமான தொண்டியில் சாலையோரச் சாப்பாட்டுக் கடைகள் கூடுகின்றன. மதுரையிலிருந்து சிவகங்கை வழியாக வரும் நெடுஞ்சாலை இங்கேதான் கடலில் முட்டி நிற்கிறது. அடுத்துக் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்விட்டு வருகிறவர்களுக்கு ஊர் மக்களே நண்டும் மீனும் சமைத்துத் தருகிறார்கள். தேவிபட்டினத்தில் நவபாஷாணக் கோயிலுக்கு வருகிற கூட்டம் விரதக் கூட்டம், மீன் கடைகள் அங்கே கோயிலை விட்டு ஒதுங்கி நிற்கும். ராமநாதபுரத்துக்குள் சாலை கொஞ்ச நேரம் கடலை மறந்துவிட்டு, மண்டபத்தில் திரும்பவும் கண்டுபிடிக்கும்.

இந்தக் கரைக்கு எதிரே இருக்கும் கடல் மற்றக் கடல்களைப் போன்றதில்லை. கட்டுமாவடி முதல் ராமேசுவரம் வரை இருப்பது பாக் விரிகுடா. இலங்கைக்கும் தமிழகத்துக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் இதன் சராசரி ஆழம் பத்து மீட்டர் அளவுதான். அலை குறைவு, அடியில் சேறும் கடற்புல்லும். இந்தப் புல்வெளியை மேய்ந்து வாழும் ஆவுளியாவுக்காக, அதாவது கடற்பசுவுக்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்புல்லில் வளர்கிற ஓரா, நீலநண்டு, இறால், கணவாய், கூட்டங்கூட்டமாக வரும் காரல் ஆகியவையே இந்தக் கரையின் சொந்தச் செல்வம். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. அங்கே பவளப்பாறை, தூத்துக்குடி வரை சங்கிலியாக 21 தீவுகள். 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறையை ஒட்டி வாழும் விளமீன், பாறை மீன், சங்கரா, நகரை ஆகியவை தெற்குப் பக்கத்து மீன்கள். மண்டபத்துக் கடைத் தட்டில் இரண்டு கடலும் அடுத்தடுத்துக் கிடக்கும். நாட்டின் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கப்பட்ட பின், கொச்சிக்குப் போவதற்கு முன் மண்டபத்தில்தான் பல ஆண்டுகள் தலைமையிடம் வைத்திருந்தது என்பதற்கு இந்த இடத்தின் வளமே போதுமான காரணம்.

ராமேசுவரம் தீவுக்காரர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்பார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கலங்கிக் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் நேர்மாறு. கரைவலை இழுப்பவர்கள் காற்றைப் பார்த்துக் கரை மாறுவார்கள். ஒரே மணல்திட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வலையும் ஆளும் நகரும். படகு வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும்; இரண்டு நுனியையும் இரண்டு கூட்டம் பிடித்துக்கொண்டு மணலில் காலூன்றிப் பின்னுக்கு நடந்து இழுக்கும். வலை ஏற இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். நெத்திலி, சாளை, காரல், கும்பளா, சில நாட்களில் நல்ல பாறை. தனுஷ்கோடிக் கடைக்கு இதைவிட அருகில் மீன் கிடையாது. ஐஸ் தொடாமலே அடுப்புக்குப் போகும் மீனைச் சாப்பிடக் கூடிய இடங்கள் தமிழ்நாட்டில் குறைந்துகொண்டு வருகின்றன, இது அவற்றில் ஒன்று.

படகு எந்த வகை என்பது அடுத்த காரணம். பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என்று ஒரு முறை நெடுநாளாக இருக்கிறது. விசைப்படகின் இழுவைமடி அடியைத் துழாவி அள்ளி வருவது இறாலும் கணவாயும் காரலும். நாட்டுப்படகும் வத்தையும் செவுள்வலை, தூண்டில், நண்டுவலை போட்டுக் கொண்டுவருவது எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அடிபடாத மீன். சாலையோரக் கடைக்கு நாட்டுப்படகு நாள்தான் நல்ல நாள். இது தெரிந்தவர்கள் நாள் பார்த்து வண்டி கிளப்புகிறார்கள். இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்து, கரையில் வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டால் அந்தக் கணக்கெல்லாம் தவறும். 1974, 1976 இந்திய–இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் கோடு கிழித்தன. இழுவைமடி இந்தப் பக்கத்து அடியை வழித்தெடுத்த பிறகு மீன் மிஞ்சியிருப்பது கோட்டுக்கு அந்தப் பக்கம் என்றாயிற்று. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டப்படித் தடை செய்தது. அந்தத் தகராற்றின் நடுவே சிறையிலிருப்பவர்கள் இந்தக் கரையின் பிள்ளைகள். யாழ்ப்பாணத்துக் கரையில் வலை அறுபட்டு நிற்பவர்களும் தமிழ் மீனவர்களே. வறுத்த கணவாயைக் கையில் எடுப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை தட்டு அடியோடு மாறுகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம் என்பதால் இந்தத் தடை. 2017-க்கு முன் 45 நாளாக இருந்தது. பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் இதே நாட்களில்தான். குடும்பம் குடும்பமாக உள்நாட்டிலிருந்து மக்கள் கடற்கரைக்கு வரும் காலமும், கரையில் மீன் மிகக் குறைந்திருக்கும் காலமும் ஒன்றாக விழுகின்றன. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. அவர்கள் கொண்டுவருவது இத்தனை வாய்க்குப் போதாது. மேற்குக் கரையின் தடை ஜூன் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கும் என்பதால், ஏப்ரல் மே மாதங்களில் கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரி மீன் இங்கே வந்து இறங்குகிறது. ஐஸில் முந்நூறு நானூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்த மீனை, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து, கடல் மீன் என்று நம்பிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கடைக்காரர் பொய் சொல்வதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். யாரும் கேட்பதில்லை.

பெரும்பாலோர் கேட்பது ஒரே ஒரு கேள்வி: "வஞ்சிரம் இருக்கா?" சென்னையின் உணவகங்களும் தொலைக்காட்சியும் சேர்ந்து மீன் என்றால் வஞ்சிரம் என்று ஆக்கிவிட்டன. முள் குறைவு, துண்டு வட்டமாக அழகாக இருக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பெரிய வஞ்சிரம் வலையில் ஏறிய உடனே வெளிச்சந்தைக்கும் ஏற்றுமதிக்கும் விலை பேசப்பட்டுப் போய்விடும். இறாலும் கணவாயும் அப்படியே. பாக் விரிகுடாவின் நீலநண்டு அவித்து, சதை பிரிக்கப்பட்டு, டப்பாவில் அமெரிக்காவரை போகிறது. சதை பிரிக்கும் வேலை கரையோரப் பெண்களுக்கு, பெரிய நண்டு கம்பெனிக்கு, சிறியது சந்தைக்கு. இந்த நிலையில் சாலையோரக் கடையில் வஞ்சிரம் கேட்பது, அந்தக் கடையைப் பெட்டி மீன் வாங்கவைப்பது. வாடிக்கையாளர் கேட்கிறாரே என்று கடைக்காரர் வாங்கி வைக்கிறார். அன்று காலை அதே கரையில் இறங்கிய முரலும் ஓராவும் கிழங்கானும் கேட்பாரின்றிக் கிடக்கின்றன. உள்நாட்டுப் பயணிகளின் இந்த ஒற்றை விருப்பத்தால், தன் கரையின் மீனை விற்றுக்கொண்டிருந்த கடை பொதுச்சந்தை மீனை விற்கும் கடையாக மாறுகிறது. கடற்கரைச் சாலை உணவில் நேர்ந்திருக்கும் மிகப் பெரிய இழப்பு இது.

கேட்க வேண்டிய கேள்வியைக் கடலோரத்துக்காரர்கள் கேட்கும் விதமாகவே கேட்கலாம். "அக்கா, இன்னைக்கு என்ன மீனு ஏறிருக்கு?" என்று கேட்டுப் பார்த்தால் பேச்சே மாறிவிடும். "தம்பி, முரல் இருக்கு, காலையில வந்தது. நண்டு சின்னதுதான். அந்தத் துண்டு மீனு நேத்துள்ளது, வேணாம்" என்று கடைக்கார அம்மாளே தள்ளிவிடுவார். முரல் ஒல்லி மீன். நடுமுள் ஒன்றை உருவிவிட்டால் மீதி முழுக்கச் சதை, வறுத்தால் மொறுமொறுவென்று இருக்கும். ஓராவின் முதுகுத் துடுப்புமுள் குத்தினால் கடுக்கும். அதனால் வெட்டத் தெரிந்த கை வேண்டும். சதை வெண்மையாக, மிருதுவாக இருக்கும், குழம்புக்கு அதை மிஞ்ச இன்னொன்று இல்லை. காரல் குட்டி மீன், முள் அதிகம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று காரல் சாறு வைத்துக் கொடுப்பது கரையோர வீடுகளின் வழக்கம். கிழங்கான் வயிற்றுக்கு இதமான மீன், நோயாளிக்குக்கூடக் கொடுப்பார்கள். இவற்றில் எதுவும் நகரத்து மெனு கார்டில் இடம் பிடிக்கவில்லை.

வறுக்கும் முறையில் ஒரு நிதானம் இருக்கிறது. மசாலா தடவிய மீன் அரைமணி நேரமாவது ஊற வேண்டும். கல் நன்றாகக் காய்ந்த பிறகு மீனின் பாதி உயரத்துக்கு எண்ணெய் ஊற்றி, மீனை வைத்ததும் தீயைக் குறைத்துவிடுவார்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் தோல் கல்லில் ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்கம் சிவந்தால் மீன் தானாகவே கல்லை விடும், அப்போதுதான் திருப்புவது. பெரிய மீனில் இரண்டு பக்கமும் கத்தியால் கீறி வைத்திருப்பார்கள். கறிவேப்பிலை, நறுக்கிய வெங்காயம், எலுமிச்சைத் துண்டு. மதியமானால் சாதமும் மீன்குழம்பும் ரசமும் மோரும் சேர்ந்த சாப்பாடு. வறுவலுக்குத் தனிக் காசு. குழம்பில் தலையும் வால் துண்டும் கிடக்கும். கரைக் குழம்பின் சுவை தலையிலிருந்துதான் வருகிறது என்பதால் தலையை ஒதுக்கிவைக்கச் சொல்லும் வாடிக்கையாளரைப் பார்த்துச் சமைத்தவர் வருத்தப்படுவார்.

சமைப்பவர் பெரும்பாலும் பெண். மீன் பிடிக்கிறவர் கணவரோ, மகனோ, அண்ணனோ. ஏலத்தில் மீனை விற்றால் தரகர் கழிவு போக, ஏற்கெனவே வாங்கிய முன்பணம் போக, கைக்கு வருவது கொஞ்சம். அதே மீனில் நான்கைந்தை எடுத்துவைத்து வறுத்து விற்றால் பணம் நேராக அடுப்படிக்கு வரும். தலையில் கூடை சுமந்து ஊர் ஊராகப் போய் விற்ற தாய்மார்களின் பெண்கள் இந்தக் கடைகளை நடத்துகிறார்கள். தாய் வாடிக்கையாளரைத் தேடி நடந்தார், மகளைத் தேடி வாடிக்கையாளர் வண்டியில் வருகிறார். கடைக்கு முதலீடு அதிகம் தேவையில்லை. ஆனால் ஆபத்து அதிகம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் இந்தச் சாலையின் வடபகுதியில் தென்னையையும் படகையும் கூரைகளையும் ஒரே இரவில் வாரிக்கொண்டு போனது.

இந்தக் கடைகளைப் புகழ்கிறவர்கள் சொல்லாமல் விடுவது எண்ணெயைப் பற்றி. ஒரே எண்ணெயில் காலை முதல் மாலை வரை வறுப்பதும், மறுநாள் அதோடு புது எண்ணெய் சேர்ப்பதும் பல கடைகளில் நடக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அளந்து பார்க்கும் கருவி சாலையோரத்தில் இல்லை. எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் கண்ணுக்கே தெரியும். மீன் பளீரென்று செக்கச்செவேல் என்று இருந்தால் அது மிளகாயின் நிறமில்லை. கலர்ப்பொடி போடாத வறுவல் மங்கலான செங்கல் நிறத்தில்தான் இருக்கும். மீன்களில் சூரை, கும்பளா, சாளை வகைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு வறுத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு எழும்பும். அலர்ஜி என்று நினைத்துக்கொள்பவர்கள் அதிகம். கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை எழும்புகிறதா என்று பார்ப்பது மசாலா தடவுவதற்கு முன்தான் முடியும். அதனால் முழு மீனைக் காட்டி, வெட்டித் தடவிக் கொடுக்கும் கடை நம்பத்தக்கது. 2018-இல் மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்ற செய்தி பரவியபோது, வெகுதூரம் போகாத மீனை விற்ற சிறு கடைகளும் சேர்ந்தே அடி வாங்கின. நியாயமாக அந்தப் பயம் மக்களை இந்தக் கடைகளின் பக்கம் தள்ளியிருக்க வேண்டும்.

வேளாங்கண்ணிக் கடற்கரைக்குப் போகும் வழியில் வரிசையாக மீனை அடுக்கி, காட்டியதை வறுத்துத் தருகிற கடைகள் இந்தச் சாலைக் கடைகளைவிடப் பெரியவை, கூட்டமும் அதிகம். நகரத்தார் பூர்வீகம் என்று சொல்லும் பூம்புகாரிலும் கடலுக்குப் போகும் பாதையோரம் வறுத்த மீன் கிடைக்கும். சென்னையில் நொச்சிக்குப்பத்து லூப் சாலையோர மீன் கடைகளின் பிரச்சினை 2023-இல் உயர்நீதிமன்றம் வரை போய், 2024-இல் கடைக்காரர்களுக்குக் கட்டடச் சந்தை கட்டித் தரப்பட்டது. கேரளத்தில் கள்ளுக்கடையும் மீன்கறியும் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்தவை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இல்லை, ஆகவே கரையோர உணவு சோற்றோடும் குடும்பத்தோடும் நிற்கிறது. கோவாவின் கடற்கரைக் குடில்கள் பருவத்துக்கு உரிமம் பெற்று எழும்பி, மழைக்காலத்துக்கு முன் பிரிக்கப்படுபவை, பெரும்பாலும் சுற்றுலாப் பணத்தை நம்பியவை. பாக் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் அன்றைய மீன், நண்டு, இறால், கணவாய் எல்லாவற்றையும் ஒடியல் எனும் பனங்கிழங்கு மாவோடு சேர்த்துக் கூழாகக் காய்ச்சுகிறார்கள். ஒரே கடலின் ஒரே மீன்கள்தான். இந்தக் கரை அவற்றைக் கல்லில் பிரித்து வறுக்கிறது, அந்தக் கரை பானையில் சேர்த்துக் காய்ச்சுகிறது.

சாலையின் கடைசிப் பகுதி பாம்பன் பாலத்துக்கு அப்பால். 1988-இல் திறந்த சாலைப் பாலம் வழியாகத் தீவுக்குள் வந்தால் ராமேசுவரம் கோயிலைச் சுற்றிச் சைவ உணவகங்கள்தான், வட இந்திய யாத்ரீகர்களுக்கான சாப்பாடு. மீன் கடைகள் ஊரைத் தாண்டித் தனுஷ்கோடிப் பாதையில் வருகின்றன. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ரயில் நிலையத்தையும் தேவாலயத்தையும் ஊரையும் அழித்த பிறகு, அரசு வாழத் தகுதியற்றது என்று சொன்ன மணலில் மீனவர்கள் மட்டும் தங்கினார்கள். 2017 வரை முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் ஜீப்பும் வேனும் மணலில் உருண்டுதான் போகும். அந்த ஆண்டு அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்ததும், சங்கும் சோழியும் விற்றுக்கொண்டிருந்த குடும்பங்கள் அடுப்பு மூட்டத் தொடங்கின. இடிந்த தேவாலயத்துக்கு அருகில் கீற்றுக் கொட்டகைகள் இன்று சாலையோரம் நீள்கின்றன.

அவற்றின் சட்ட நிலை உறுதியாக இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் 2019-இல் தளர்த்தப்பட்டபோது, கடற்கரையில் தற்காலிகக் குடில்கள் உயர்ந்த ஓதக் கோட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி இருக்கலாம் என்று இடம் தரப்பட்டது. ஆனால் அது சுற்றுலா வசதி என்ற பெயரில், உரிமம் வாங்கும் திறன் உள்ளவர்களை எண்ணி எழுதப்பட்ட விதி. 2014-இன் சாலையோர வியாபாரிகள் சட்டம் நகர அமைப்புகளை மனதில் வைத்தது. சிறிய அளவில் விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளலாம். அந்தப் பதிவு சமைக்க அனுமதி தருகிறது, கொட்டகை நிற்கும் மணலுக்கு உரிமை தருவதில்லை. தேசியப் பூங்காவும் கடற்கரை விதியும் ஒருபுறம் நெருக்க, பெரிய விடுதிகளுக்கான திட்டங்கள் மறுபுறம் நெருக்க, கரையிலேயே பிறந்தவர்களின் கொட்டகையைத்தான் முதலில் ஆக்கிரமிப்பு என்று எழுதுகிறார்கள். மீனவக் குடும்பம் தன் கரையில் தன் மீனைச் சமைத்து விற்கும் உரிமையைப் பெயர் சொல்லித் தரும் விதி இன்னும் எழுதப்படவில்லை. அது வரும்வரை தனுஷ்கோடிக் கடைகள் பகலை மட்டும் நம்பியிருக்கின்றன. மாலையில் காவல்துறை பயணிகளைத் திருப்பி அனுப்பிவிடுவதால் இங்கே இரவுச் சாப்பாடு கிடையாது. வருகிறவர் மதியத்துக்குள் வந்து சேர வேண்டும்.